என் தோளுக்கு ஒரு துவக்கு

1

போன ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், விட்பி நகரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கிளினிக்கில் வலது புருவத்துக்கு மேல் தையல் போடுவதற்காகக் காத்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் கணவர் சுகந்தனும் ஆறு வயது மகள் மிதுராவும் கூடவே எழுந்தார்கள். தாதி சிரித்த முகத்தோடு அவர்களை வெளியிலேயே இருக்கச் சொன்னார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

டொக்டர் இளம்பெண். காயத்தைப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு நேரே இருந்துகொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். நான் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவள்தான். யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தவள், இங்கே காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவள். ஆனால் பதற்றம் வந்தால் என் ஆங்கிலம் முதலில் வினைச்சொற்களைக் கைவிட்டுவிடும். "என் கணவருடைய துவக்கு, முகத்தில். அவர்தான் பக்கத்தில்" என்பதுபோல் ஏதோ சொன்னேன். டொக்டரின் கை கணினியில் அப்படியே நின்றது.

வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று மிக மெதுவாகக் கேட்டார்.

பிறகுதான் ஒழுங்காகச் சொன்னேன். சுடும் பயிற்சித் திடலில், கணவருடைய வேட்டை ரைபிளைச் சுட்டுப் பார்த்தேன். வெடித்ததும் துவக்கு பின்னால் உதைத்து, மேலே பூட்டியிருக்கும் தூரநோக்கிக் கண்ணாடி புருவத்தில் இடித்துவிட்டது. அவர் எத்தனையோ கேள்வி கேட்டார். கடைசியில் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏதோ நீளமாக எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

காரில் ஏறியதும் சுகந்தன் கேட்டார்.

"ஏன் இவ்வளவு நேரம்? என்னவாம்?"

"நீங்கள் அடிச்சனீங்களோ எண்டு கேட்டவா."

"நானோ? நீர் என்ன சொன்னனீர்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

அவர் சிரிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து மிதுரா, "அம்மா, டிட் அப்பா ஹிட் யூ?" என்றாள்.

"இல்லையம்மா. துவக்கு இடிச்சது."

"தட்ஸ் சோ வியர்ட்" என்று சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தாள்.

"இனி நீர் அந்தச் சாமானைத் தொட வேண்டாம்" என்றார் சுகந்தன்.

2

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி வரும்: உங்களுக்கு ஏன் துவக்கு?

சுகந்தன் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் டேவ் என்பவருக்கு வடக்கே, இரண்டரை மணித்தியால ஓட்டத்தில், குடும்பக் காணியாகப் பெரிய காடு இருக்கிறது. நவம்பரில் மான் வேட்டைக்காலம் வந்தால் அவரும் சில நண்பர்களும் அங்கே போவார்கள். சுகந்தனையும் கூப்பிட்டார்கள். இந்த நாட்டில் வேலைத்தளத்து வெள்ளைக்காரர் ஒருவர் தன் காணிக்குக் கூப்பிடுவது சின்ன விஷயமில்லை. இவர் பயிற்சி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிக்கு விண்ணப்பித்தார். மனைவி என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். சில கிழமை கழித்து அனுமதி அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. உங்கள் கணவர் துவக்கு வைத்திருப்பது பற்றி உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா?

"இல்லை" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு அந்தக் கிழமை முழுதும் கவலைப்பட்டேன். இவரில் பயமில்லை. பிள்ளை உள்ள வீட்டுக்குள் ஒரு துவக்கு வரப்போகிறது, அதற்கு நான் ஒரே சொல்லில் சம்மதம் சொல்லிவிட்டேன் என்பதுதான் பயம்.

நான் வளர்ந்த இடத்தில் துவக்கு எப்போதும் வேறு யாருடையதோ தோளில் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் இரண்டு சென்ரி, இராணுவக் காவல் நிலைகள். சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். துவக்கையும் பார்க்கக்கூடாது, அதை வைத்திருப்பவரின் முகத்தையும் பார்க்கக்கூடாது, நிலத்தைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பது யாரும் சொல்லித் தராமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தனை வருடம் அவ்வளவு கிட்ட நின்ற ஒரு பொருளைப் பற்றி, அது சத்தம் போடும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் நானும் வகுப்புக்குப் போனேன். சுடுவதற்காகப் போகவில்லை. நிலவறையில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கப்போகும் சாமானை நானே திறந்து, அதற்குள் சன்னம் என்கிற குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியவேண்டும் என்று போனேன். அங்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. குழல் எந்தப் பக்கம் என்று பார், சன்னத்தை எடு, உள்ளே கண்ணால் பார், பிறகு விரலால் தொட்டுப் பார். சொன்ன ஒழுங்கில் சொன்னதைச் செய்யவேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்ப்பதற்காக என்னை வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அந்த வகுப்பில் மட்டும் அது நல்ல பழக்கம் என்றார்கள்.

வேட்டை அனுமதியும் எடுத்த பிறகு, நீயும் வரலாமே என்று டேவ் சொன்னார். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருபவர் யாராக இருந்தாலும், வேட்டைக்கு முன் அவர் பார்க்க, நூறு யார் தூரத்தில் வைத்த கடதாசித் தட்டில் மூன்று சூடு விழவேண்டும். ஒன்று வெளியே போனாலும் அந்த வருடம் காட்டுக்குள் இடமில்லை. காயத்தோடு ஓடிப்போன மானைத் தேடி நடந்த அனுபவம் அவருக்கு இருக்கிறது. அதை அவர் விபரமாகச் சொல்வதில்லை.

அந்தத் தட்டுக்குப் பழகத்தான் சுகந்தனின் ரைபிளைத் தூக்கினேன். அவர் ஆறடி. நான் ஐந்தடி, சப்பாத்தோடு. தோளில் வைக்கும் மரப்பகுதியை ஊரில் சோங்கு என்போமே, அவருடைய துவக்கின் சோங்கு அவருடைய கை நீளத்துக்குச் செய்தது. விசைக்கு விரல் எட்டவேண்டும், கண்ணாடிக்குள் இலக்கு தெரியவேண்டும் என்று நான் கழுத்தை முன்னால் நீட்டினேன். மிச்சத்தை டொக்டர் எழுதியிருப்பார்.

3

தொட வேண்டாம் என்றவரை மாற்றப் பத்து நாள் எடுத்தது. எனக்கு அளவான, பாரம் குறைந்த ஒன்றை வாங்குவது என்று முடிவானது.

கடைக்குப் போன அன்று வசந்தி மச்சாளும் வந்தார். சுகந்தனின் அக்கா, ஸ்காபரோவில் இருக்கிறார். மிதுராவைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிட்டோம். ஆனால் சுவர் முழுக்க வரிசையாக நின்ற துவக்குகளைக் கண்டதும் கூறைச்சேலை எடுக்க வந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

"உது வேண்டாம் கோகிலா. கறுப்பு. செத்தவீட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு. அங்கால மரம் போட்டது நிக்குது, அதை எடுக்கச் சொல்லு."

"அது பாரம் மச்சாள்."

"பாரமெண்டால் தானே பெறுமதி."

கடையில் நின்ற பெண்ணுக்கு என் வயதிருக்கும். பொறுமையானவர். பாரம் குறைந்த துவக்கு நாள் முழுக்கக் காட்டில் சுமந்து திரிய நல்லது என்றார். ஆனால் குறைத்த பாரம் சுடும்போது உதைப்பாகத் தோளுக்கு வந்து சேரும். ஆகையால் சன்னத்தையும் வலுக் குறைந்ததாக எடுக்கவேண்டும், மானுக்கு அது தாராளம் என்றார். பிறகு ஒரு பரீட்சை சொல்லித் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணைத் திறந்தால், தலையை அசைக்காமல் கண்ணாடியின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கறுப்பு விளிம்பு தெரிந்தால் அது உன்னுடைய துவக்கு இல்லை.

இரண்டு மிஞ்சின. ஒன்று சிறிய உடம்புக்காரருக்கென்றே செய்தது. கண்ணைத் திறந்ததும் வட்டம் முழுதாக நின்றது. மற்றது வழமையான அளவு. அதன் சோங்கின் முடிவில், ரப்பர் மெத்தைக்கு முன்னால், தட்டையான துண்டுகள் சில திருகாணியால் பூட்டியிருந்தன. அதில் வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு இருந்தது. மிக மெல்லியது.

"சின்னனை வாங்கிப்போட்டு, பேந்து இவன் எப்பிடிப் பாவிக்கிறது?" என்றார் மச்சாள். "கொஞ்சம் பெரிசா எடு. ரெண்டு பேருக்கும் உதவும்."

சுகந்தன் அதைத் தூக்கிப் பார்த்து, "எனக்கும் ஓரளவு சரிவருது" என்றார்.

எங்கள் வீடுகளில் சப்பாத்து எப்போதும் ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள். முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போவோம். பள்ளிச் சீருடையில் மடிப்பு உள்ளே நான்கு விரல் அகலம் இருக்கும். மூத்தவளுக்கு வாங்குவது இளையவளுக்கும் ஆகவேண்டும். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கறுப்பு விளிம்பு பழகிவிடும் என்று நினைத்தேன். நவம்பரில் போடும் குளிர் உடுப்போடு தூக்கிப் பார்த்தாயா என்று கடைப் பெண் கேட்டார். மிதுரா கழிவறைக்கு அவசரம் என்று துள்ளிக்கொண்டு நின்றாள். இங்கே கடைக்காரர் எது கேட்டாலும் தலையாட்டுவது எனக்கு வந்து சேர்ந்த பழக்கம். தலையாட்டினேன். ஆடி மாதம், மெல்லிய ரீ-சேர்ட்டோடு நின்று, பனிக்காலத்துக்கு அந்தப் பெரிய அளவுத் துவக்கை வாங்கினேன்.

4

கோடையில் சுடும் திடலுக்குப் போன ஓரிரு தரமும் தட்டுக்குக் கிட்டக்கிட்டவாவது பட்டது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் குளிர் தொடங்கிவிட்டது. குளிருக்கு நான் உடுப்பது ஒரு தனிக் கதை. உள்ளே தேர்மல், மேலே சுவெற்றர், அதற்கு மேல் ஜக்கெற், எல்லாவற்றுக்கும் மேல் வேட்டைக்காரர் சட்டப்படி போடவேண்டிய செம்மஞ்சள் அங்கி.

ஒரு சனிக்கிழமை அப்படியே திடலில் நின்று துவக்கைத் தூக்கினேன். சோங்கு தோளுக்குப் போகவில்லை. கமக்கட்டுக்குக் கீழே ஜக்கெற்றில் சிக்கி நின்றது. இழுத்து விடுவித்து வைத்தால் விசை தூரத்தில் இருந்தது. மெல்லிய விளிம்பாக இருந்த கறுப்பு இப்போது கண்ணாடியில் பாதி. கழுத்தை நீட்டினேன். நீட்டியதும் ஆனி மாதத்துச் சனிக்கிழமை உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது.

முதற்சூடு தட்டுக்குக் கீழே மண்ணில். இரண்டாவதும் அப்படித்தான்.

சுகந்தன் துவக்கை வாங்கி, மற்றப் பக்கம் திரும்பி நின்று நிரப்பித் தந்தார். குறிபார்த்து விசையை இழுத்தேன். "டிக்" என்றது. அவர் வேண்டுமென்றே மருந்தில்லாத பொய்ச் சன்னம் ஒன்றைப் போட்டிருந்தார். துவக்கு வெடிக்கவேயில்லை. ஆனால் குழல் நிலத்தைப் பார்த்துக் குத்தியது, என் கண் இரண்டும் இறுக்கி மூடியிருந்தன.

"கண்டீரோ?" என்றார்.

"கண்டன்."

"பயத்தில நீரே அமத்துறீர். துவக்கில பிழையில்லை."

"துவக்கிலயும் பிழை இருக்கு."

"சரி, விடும். அடுத்த வருஷம் பாப்பம். கட்டாயமோ?"

கட்டாயமில்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கட்டாயம் என்றால் நான் எதையும் செய்து முடித்துவிடுவேன். இது நானாக விரும்பி எடுத்தது. டேவின் தட்டுக்கு இரண்டு கிழமை இருந்தது. வெடிக்காத துவக்குக்கே உடம்பு குலுங்குகிறது என்றால், உயிருள்ள மானுக்கு முன்னால் நான் என்ன செய்வேன்? அரைகுறையாகச் சுட்டு அது இழுபட்டுக்கொண்டு ஓடினால்? வீடு வரும்வரை அதையே யோசித்தேன். விடுவது பொறுப்பா, கோழைத்தனமா என்று யோசித்தேன். இப்படி யோசிப்பதே ஒரு கோழைத்தனமா என்றும் யோசித்தேன்.

5

அடுத்த நாள் ஞாயிறு. மிதுராவைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். முந்தின கிழமை அவள் அங்கே, அம்மா என்ன வேலை செய்கிறார் என்ற ரீச்சரின் கேள்விக்கு, "அம்மா மான் ஷூட் பண்ணுவா" என்று பதில் சொல்லியிருந்தாள். ரீச்சர் என்னைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது.

நிலவறைக்குப் போனேன். துவக்கை எடுத்து, வெறுமை என்று இரண்டு தரம் பார்த்தேன். குளிர் உடுப்பு முழுவதையும் உடுத்திக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று கண்ணை மூடித் தூக்கினேன். சிக்கியது. ஜக்கெற்றைக் கழற்றினேன். கொஞ்சம் சரி. சுவெற்றரையும் கழற்றினேன். ஆடி மாதத்துக் கடைபோல் வந்து நின்றது. தையல் நாடாவால் அளந்தேன். உடுப்பின் தடிப்பு ஒரு விரல் அகலம். அதோடு, கடையில் நான் பொருட்படுத்தாமல் விட்ட அந்த மெல்லிய விளிம்புக்காகக் கழுத்தை நீட்டவேண்டிய தூரமும் சேர்த்து ஒன்றரை. சோங்கின் முடிவில் பூட்டியிருந்த துண்டுகளின் தடிப்பை அளந்தேன். ஏறக்குறைய அதே அளவு.

மேலே வந்து சுகந்தனிடம் சொன்னேன்.

"பின்னுக்கு இருக்கிற துண்டுகளைக் கழட்டினால் சோங்கு கட்டையாகும், எனக்குச் சரிவரும்."

"கழட்டினால் எனக்கு உதவாதே."

"ஓம்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வழமையாக அந்த "ஓம்" என்பதற்குப் பிறகு என்னிடமிருந்து இன்னொரு வசனம் வரும். அப்ப பரவாயில்லை, நான் சமாளிக்கிறன். அந்த வசனம் வாய்வரை வந்தது உண்மை. கலியாணம் கட்டி வந்த எட்டு வருடத்தில் எனக்கென்று மட்டும் நான் வாங்கியது என்ன என்று நினைத்துப் பார்த்தேன். சாறிக்குத் தைத்த சட்டைகளைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கார், கணினி, குளிர்ச் சப்பாத்துக்கூட மச்சாளுக்கும் சேர்த்த அளவு.

"உங்களுக்கு ஒண்டு கிடக்குத்தானே" என்றேன்.

"கிடக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கடை அஞ்சு மணிக்குப் பூட்டுவான், வெளிக்கிடும்" என்றார்.

கடைப் பெண்ணுக்கு என்னை ஞாபகம் இருந்தது. துண்டுகளைக் கழற்றினால் முகம் முன்னால் வரும், ஆகவே கண்ணாடியையும் இடம் மாற்றிப் பூட்டவேண்டும் என்றார். வெப்பமூட்டிய கடைக்குள் நான் எல்லா உடுப்பும் போட்டு வியர்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு தரமும் கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, அவர் கண்ணாடியை அணு அணுவாக நகர்த்தினார். வகுப்பிலிருந்து கூட்டிவந்த மிதுரா, "அம்மா, யூ லுக் லைக் எ பம்ப்கின்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு தரம் கண்ணைத் திறந்தபோது வட்டம் முழுதாக நின்றது. கழுத்து அதன் இடத்தில் இருந்தது. நான் எதையும் எட்டிப் பிடிக்கவில்லை.

மச்சாள் தொலைபேசியில் விட்டு வைக்கவில்லை.

"ரெண்டு பேருக்கு உதவாத சாமானுக்கோ இவ்வளவு ஓட்டம்?"

"உங்கட சாறிச் சட்டையை அண்ணை போடுறவரோ மச்சாள்?"

அண்ணை என்றது மச்சாளின் கணவரை. மறுமுனையில் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்தது. "அவர் போட்டால் தையல் பிரியும்" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, சமையலுக்கு முன், நிலவறையில் பொய்ச் சன்னத்தோடு பழகினேன். தூக்கு, பார், மூச்சை விடு, இழு. "டிக்." குழல் அசையாமல் நிற்க ஐந்தாறு நாள் பிடித்தது.

டேவின் முன்னால் மூன்று சூடும் சுட்டேன். இரண்டு சூடு தட்டின் நடுவை அண்டி விழுந்திருந்தன. மூன்றாவது ஓரத்தைக் கடித்திருந்தது. சுகந்தன், பாதி வெளியே நிற்கிறது என்றார். பாதி உள்ளே நிற்கிறது என்றார் டேவ்.

6

நவம்பர் தொடக்கத்தில் கந்தசஷ்டி விரதம். ஆறு நாளும் பிடித்து, பாரணை முடித்து, இரண்டாவது கிழமைதான் காட்டுக்குப் புறப்பட்டேன். மிதுராவை மச்சாளிடம் விடப் போனபோது, "சூரனைக் கொண்டு முடிச்சாச்சு, இனி மானையோ?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டார்.

என்னை ஒரு பள்ளத்தின் ஓரத்தில், விழுந்த மரத்தில் சாய்த்து இருத்தினார்கள். எதிரே ஏறுபுட்டி, சரிவான ஒரு மேடு. என் இடப்பக்கமாகக் கொஞ்சத் தூரத்தில் சுகந்தனின் செம்மஞ்சள் தொப்பி தெரிந்தது. விறைப்பில் கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. மத்தியானம்வரை அணில்தான்.

பிறகு புட்டியின் உச்சியில் மான் வந்து நின்றது. கொம்புள்ள ஆண். நான் தூக்கியதே எனக்குத் தெரியவில்லை. துவக்கு தோளில் இருந்தது, வட்டம் முழுதாக இருந்தது, அதன் நடுவில் முன்னங்காலுக்குப் பின்னால் சுடவேண்டிய இடம் இருந்தது. குழல் அசையாமல் நின்றது. மூச்சை விட்டேன். இழுத்தால் தவறாது என்று தெரிந்தது.

மானைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. பின்னால் மரமில்லை, மண்ணில்லை. புட்டிக்கு அங்கால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பாதை இருக்கலாம், நடக்கிற ஆள் இருக்கலாம். விரலை விசையில் வைக்காமல் காத்திருந்தேன். இரண்டு எட்டு இறங்கி வந்தால் போதும், பின்னால் மண் வரும். அது இறங்கவில்லை. கொஞ்ச நேரம் என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மற்றப் பக்கம் போய்விட்டது. துவக்கைத் தாழ்த்தி, விசையின் பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். போட்டபடிதான் இருந்தது.

சுகந்தன் எழும்பி வந்தார். அவரும் பார்த்திருக்கிறார்.

"ஏன் சுடேல்லை? பயந்திட்டீரோ?"

"இல்லை. பின்னால வானம் மட்டும்தான் நிண்டது."

அவர் உச்சியைப் பார்த்தார். நான் இருந்த இடத்தில் குந்தியிருந்து, திரும்பவும் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

அந்த வருடம் மான் விழுந்தது டேவுக்குத்தான். எங்களுக்கும் ஒரு பங்கு கட்டித் தந்தார். பின்நேரம் காரில் ஏறி இருக்கைப் பட்டியை மாட்டியதும், வழமைபோல் அன்றைய நாளை முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கத் தொடங்கினேன். சுட்டிருக்கலாமா, விட்டது சரியா. புட்டிவரை வந்தேன். அங்கே கேட்பதற்குக் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை. கார் இன்னும் மண் பாதையைத் தாண்டவில்லை, நித்திரையாகிவிட்டேன். ஸ்காபரோவில் மச்சாள் வீட்டு வாசலில் நிறுத்தி, பிள்ளையைத் தூக்கிவர எழும்பச் சொல்லி, சுகந்தன்தான் தட்டி எழுப்பினார்.